சட்டத்தை விருப்பப்பாடமாக எடுப்பது எப்படி: இராமநாதபுரம் கரையிலிருந்து புதியவர்களுக்கு

எங்கள் தங்கச்சிமடம் பக்கத்தில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, நான் பி.எல். படிக்கவில்லை. சட்டத்தை விருப்பப்பாடமாக எடுக்கலாமா?" எடுக்கலாம். யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வுக்கு இலக்கியங்கள் போக 25 விருப்பப்பாடங்கள் உண்டு. அவற்றில் எதை எடுக்கவும் அதே துறையில் பட்டம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நான் எடுத்தபோது என் கையில் இருந்தது விலங்கியல் பட்டம். இரண்டு முறை முதன்மைத் தேர்வு எழுதினேன், பதவி கிடைக்கவில்லை. ஆகவே இதை வென்றவரின் உபதேசமாக வாசிக்க வேண்டாம். எந்த இடத்தில் பாறை கிடக்கிறது என்று அடி வாங்கித் தெரிந்துகொண்ட ஒருவன் சொல்வதாக வாசியுங்கள்.

தேர்வின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல்நிலைத் தேர்வில் விருப்பப்பாடத்துக்கு வேலை இல்லை. முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குச் சேரும் மதிப்பெண் 1750; அதில் விருப்பப்பாடத்தின் இரண்டு தாள்களுக்கு 250 வீதம் 500. நேர்முகத் தேர்வுக்கு 275. மொத்தம் 2025. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கை ஒரே பாடம் தீர்மானிக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வில் விருப்பப்பாடமே கிடையாது. இரண்டு தேர்வுக்கும் ஒன்றாகப் படிக்கிறவர்கள் சட்டத்துக்குச் செலவிடும் மாதங்களில் அரசமைப்புப் பகுதி மட்டும்தான் அங்கேயும் உதவும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் எடுக்கக் கூடாது

சட்டம் என்றால் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வது என்று நினைப்பவர்கள் எடுக்க வேண்டாம். நான்கே மாதத்தில் முடித்துவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வருகிறவர்களும் வேண்டாம். மெதுவாகவாவது ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தப் பாடம் பெரும் சுமை. தீர்ப்புகளும் நல்ல பாடநூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, கேள்வித்தாளும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருகிறது. விடையைத் தமிழில் எழுதலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சண்டையைப் பார்த்தவுடன் "யார் பக்கம் நியாயம்?" என்று கேட்பதற்கு முன்னால் "என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது?" என்று கேட்கிற மனம் உங்களுக்கு இருந்தால் எடுங்கள். அந்த மனம் இல்லாதவர்களுக்கும் பழகப் பழக வரும், ஆனால் நாளாகும்.

பாடத்திட்டத்தைக் கையால் எழுதுங்கள்

அச்சிட்டு ஒட்டினால் போதாது, கையால் எழுதுங்கள். நான்கு பக்கத்துக்கு மேல் வராது.

முதல் தாளில் இரண்டு பெரும் பகுதிகள்: அரசமைப்புச் சட்டமும் நிர்வாகச் சட்டமும் ஒன்று, பன்னாட்டுச் சட்டம் மற்றொன்று. இரண்டாம் தாளில் நான்கு: குற்றச் சட்டம், தீங்கியல் சட்டம் (ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் ஒருவர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் 'டார்ட்ஸ்'), ஒப்பந்தச் சட்டமும் வணிகச் சட்டமும், சமகாலச் சட்ட வளர்ச்சிகள். இந்தக் கடைசித் தலைப்பின் கீழ் பொதுநல வழக்கு, அறிவுசார் சொத்துரிமை, இணையச் சட்டம், போட்டிச் சட்டம், தகவல் அறியும் உரிமை, சுற்றுச்சூழல் சட்டங்கள், ஊடக விசாரணை எல்லாம் வரும்.

எதை முதலில் தொடுவது? பலரும் அரசமைப்பில் தொடங்கச் சொல்வார்கள். பொது அறிவு இரண்டாம் தாளுக்கும் அது பயன்படும் என்பதால் சரிதான். ஆனால் அரசமைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினால் சட்டப் பாடத்தின் சுவை தெரியாமலே சலித்துவிடும். காலையில் அரசமைப்பு, மாலையில் தீங்கியல் என்று இரண்டையும் சேர்த்துத் தொடங்குங்கள். தீங்கியல் முழுக்கக் கதைகள். பாட்டிலுக்குள் நத்தை கிடந்ததாகச் சொல்லப்பட்ட 1932ஆம் ஆண்டு டானஹியூ வழக்கைப் படித்துவிட்டு, "அந்தப் பெண்ணுக்கும் பாட்டில் தயாரித்தவருக்கும் ஒப்பந்தமே இல்லையே, பிறகு எப்படி?" என்று வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசத் தோன்றினால் நீங்கள் சரியான பாடத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள். இரண்டும் முடிந்த பிறகு குற்றம், ஒப்பந்தம், பன்னாட்டுச் சட்டம், நிர்வாகச் சட்டம் என்று போகலாம். சமகால வளர்ச்சிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஆண்டுதோறும் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கும்.

மூலச் சட்டம், பிறகுதான் பாடநூல்

வழக்கறிஞர்கள் 'பேர் ஆக்ட்' என்று சொல்லும் சட்டத்தின் மூலப் பிரதியை முதலில் வாசிக்க வேண்டும். மைய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் எல்லாச் சட்டங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒப்பந்தச் சட்டம் 1872இல் எழுதியது. அதில் பல பிரிவுகளுக்குக் கீழே 'அ என்பவர் ஆ என்பவரிடம்' என்று சின்னச் சின்ன எடுத்துக்காட்டுகள் இருக்கும். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். தேர்வில் வரும் சிக்கல் கேள்விகள் பாதிக்கு மேல் அந்த எடுத்துக்காட்டுகளின் பேரப்பிள்ளைகள்.

குற்றச் சட்டத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் இப்போது 358. கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்குப் போயிருக்கிறது. பலர் ஒரே நோக்கத்துடன் சேர்ந்து செய்த குற்றம் 34இலிருந்து 3(5)க்கு. திருட்டு 378இலிருந்து 303க்கு. அவதூறு 499இலிருந்து 356க்கு. ஏமாற்றுவதற்கு ஊரெல்லாம் பழமொழி போலச் சொன்ன 420 இப்போது 318(4). ஊரார் வாயில் அது மாற இன்னும் ஐம்பது ஆண்டு ஆகும். சமூக சேவை என்பது புதிய தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது.

இதில் நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிக் குற்றச் சட்டக் குறிப்புகளைத் தபாலில் வாங்கினேன். 'புதிய பதிப்பு' என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள், உள்ளே முழுக்கப் பழைய எண்கள். கேட்டதற்கு, "கருத்து ஒன்றுதானே சார்" என்றார்கள். கருத்து பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் விடைத்தாளைத் திருத்துபவர் அப்படி விட்டுவிட மாட்டார். இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதிய எண் என்று ஒரே தாளில் ஐம்பது முக்கியப் பிரிவுகளை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்ணில்தான் பேசும் என்பதால் பழையதையும் மறக்க முடியாது. நுகர்வோர் சட்டத்திலும் இதே கதை. பாடத்திட்டம் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லும், நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். விடையில் இரண்டையும் ஒரு வரியில் இணைத்துவிடுங்கள்.

பாடநூல்கள் ஒரு பகுதிக்கு ஒன்று போதும். ஒரே தலைப்புக்கு மூன்று நூல் வாங்கி அடுக்கியவர்கள் மூன்றையும் முடித்து நான் பார்த்ததில்லை.

கரைக்குப் போங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். டெல்லியில் வாடகை அறையில் இருந்து படிக்கிறவர்களுக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் பல விஷயங்கள் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நம் கண்ணெதிரே நடக்கின்றன. நாம்தான் அவற்றைப் பாடமாகப் பார்ப்பதில்லை.

காலையில் மீன் இறங்கும் இடத்தில் போய் நில்லுங்கள். ஏலம் நடக்கிறது. ஒரு கூடைக்கு ஒருவர் விலை சொல்கிறார், அடுத்தவர் ஏற்றுகிறார், முதல் ஆள் பின்வாங்குகிறார். அவர் பின்வாங்கலாமா? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவைப் புரட்டுங்கள். சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ ஏலக்காரர் முடிவை அறிவிக்கும்வரை ஏலம் கேட்டவர் தான் சொன்ன விலையைத் திரும்பப் பெறலாம். நம் கரையில் சுத்தியல் ஏது? ஏலக்காரரின் வாய்ச்சொல்தான் அந்த 'வழக்கமான வேறு முறை'. ஒரு காலை நின்று பார்த்துவிட்டால் அந்தப் பிரிவு சாகும்வரை மறக்காது.

அதே இடத்தில் இன்னொன்றும் நடக்கும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகு கட்டிய ஒருவர், கடன் தீரும்வரை பிடிக்கும் மீனை எல்லாம் அவருக்கே போட வேண்டும், அதுவும் அவர் சொல்லும் விலைக்கு. இது வணிகத்துக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தமா? அப்படியானால் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கு மட்டுமான தடைகளை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. 1995ஆம் ஆண்டின் குஜராத் பாட்லிங் வழக்கு அதற்குத் துணை. அப்படியென்றால் 16ஆம் பிரிவின் தகாத செல்வாக்கு பொருந்துமா? ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆட்டிப்படைக்கும் நிலையில் இருந்தாரா, அதைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைந்தாரா என்று பார்க்க வேண்டும். ஒரே காட்சியில் இரண்டு பிரிவுகள் மோதுகின்றன. சட்டப் பாடம் கேட்பது இந்த மோதலைப் பார்க்கும் கண்ணைத்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மார்ச்சில் ஒருவர் விசைப்படகை ஆறு மாதக் குத்தகைக்கு எடுத்துவிட்டு, "தடை வந்துவிட்டது, ஒப்பந்தம் முறிந்தது" என்று ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவைக் காட்டினால் எடுபடுமா? எடுபடாது. ஆண்டுதோறும் வரும் தடை இருவருக்கும் தெரிந்ததே. எதிர்பாராமல் நிகழ்ந்து ஒப்பந்தத்தின் அடிப்படையையே தகர்த்தால்தான் அந்தப் பிரிவு துணைக்கு வரும். 1954ஆம் ஆண்டின் சத்யபிரதா கோஷ் வழக்கை இதோடு சேர்த்து வாசியுங்கள்.

குற்றச் சட்டத்தில் 'குற்றமனம்', அதாவது தவறு என்று தெரிந்தே செய்யும் மனநிலை, என்ற கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபம் பக்கத்தில் கடல் அட்டை பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் அதைப் பிடிப்பதற்குத் தடை இருக்கிறது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுமந்த கூலியாள் குற்றவாளியா? தனிச் சட்டங்கள் குற்றமாக்கிய செயல்களில் குற்றமனம் தேவையா என்ற பழைய கேள்வியின் நம் ஊர் வடிவம் இது. தங்கம் கடத்திய வழக்கில் எம்.எச். ஜார்ஜுக்கு எதிராக 1964இல் வந்த தீர்ப்பு தேவையில்லை என்று ஒரு பக்கம் இழுக்கும், நாதுலால் வழக்கின் தீர்ப்பு தேவை என்று மறுபக்கம் இழுக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டுத்தான் இந்தத் தலைப்பை முடித்ததாகக் கொள்ள வேண்டும்.

தீங்கியலில் 'தெய்வச் செயல்' என்று ஒரு எதிர்வாதம் உண்டு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயலை நினைக்காமல் நம் ஊரில் யாரும் அதைப் படிக்க முடியாது. பெருமழையில் செயற்கைக் குளங்கள் உடைந்த 1876ஆம் ஆண்டின் நிக்கோல்ஸ் வழக்கில் இந்த எதிர்வாதம் வென்றது. ஆனால் செயற்கைக்கோள் படமும் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டும் இருக்கும் இந்தக் காலத்தில், மூன்று நாள் முன்பே தெரிந்த புயலைத் 'தெய்வச் செயல்' என்று சொல்லிப் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியுமா? இப்படி ஒரு கேள்வியை விடையின் கடைசிப் பத்தியில் வைத்து ஆராய்ந்தால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

பொதுநல வழக்குக்கு ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். யாரும் மனுப் போடக் காத்திருக்காமல் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. மனு கொடுக்கவே முடியாதவர்களின் உரிமை நீதிமன்றத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டாம். எழுதும்போது எண்ணிக்கையை ஏதோ புள்ளிவிவரம் போல வீசிவிட்டுப் போகாதீர்கள். அவர்கள் நம் பக்கத்து ஊரில் இறந்தவர்கள்.

சுற்றுச்சூழலுக்கு இறால் பண்ணை வழக்கு. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த அந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்றது. மாசுபடுத்தியவரே ஈடுகொடுக்க வேண்டும், முன்னெச்சரிக்கையே முறை என்ற இரண்டு கோட்பாடுகளும் அதில் உண்டு. பிறகு 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, அந்தத் தடை பண்ணைகளுக்குப் பொருந்தாது என்று மாற்றியது. முதல் பாதியைச் சுற்றுச்சூழல் விடையிலும், இரண்டாம் பாதியை அதிகாரப் பிரிவினை விடையிலும் பயன்படுத்தலாம். ஒரே வழக்கை இரண்டு இடத்தில் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் படிக்க வேண்டிய வழக்குகளின் எண்ணிக்கை பாதியாகக் குறையும்.

சின்னப்பாலத்திலும் பாம்பனிலும் கடல்பாசி எடுக்கும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த தீவுகள், 1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்குள் வருகின்றன. பாடத்திட்டத்தில் 'அரசுச் சொத்து, பொதுச் சொத்து, சமூகச் சொத்து' என்று ஒரு வரி இருக்கிறது. பெரும்பாலானோர் அதை என்னவென்று புரியாமல் விட்டுவிடுவார்கள். அந்தப் பெண்களிடம் பத்து நிமிடம் பேசினால் புரியும்.

பன்னாட்டுச் சட்டமும் நம் கடலும்

பன்னாட்டுச் சட்டத்தில் கடல் சட்டம் நமக்குச் சொந்த வீடு. கணக்கை முதலில் போடுங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எல்லைக் கடல் 12 கடல் மைல், அடுத்துள்ள மண்டலம் 24, மீன் உள்ளிட்ட வளங்கள் கரை நாட்டுக்கே உரிய பிரத்யேகப் பொருளாதார மண்டலம் 200. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். இரண்டு நாடும் ஆளுக்கு 12 கடல் மைல் கேட்டால் 44 கிலோமீட்டர் வேண்டும். இடமே போதவில்லை. ஆகவே எல்லையை உடன்பாட்டில் போட வேண்டியதாகிறது. உடன்பாடு இல்லாவிட்டால் நடுக்கோடு, வரலாற்று உரிமை இருந்தால் அதற்கு விலக்கு என்கிறது 1982ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கையின் 15ஆவது கூறு.

அந்த 'வரலாற்று உரிமை'க்கு நம் ஊரிலேயே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. இராமநாதபுரம் கரையோரச் சங்குப் படுகைகளில் சங்கு எடுத்தவர்கள்மீது திருட்டு வழக்கு. கடலில் கிடக்கும் சங்கைத் திருட முடியுமா? கடலில் ஓடும் மீன் யார் கைவசத்திலும் இல்லை, எனவே பிடித்தால் திருட்டில்லை. ஆனால் சங்குப் படுகை நெடுங்காலமாகக் கைவசத்தில் வைத்து ஆண்டுவந்த ஒன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் கொண்டது. அதற்குப் பாக் விரிகுடாவின் நிலையையும் அது ஆராய வேண்டியிருந்தது. அன்னக்குமாரு பிள்ளை வழக்கு என்று பெயர், 1904ஆம் ஆண்டுத் தொகுதியில் இருக்கிறது. திருட்டின் 'கைவசம்', பன்னாட்டுச் சட்டத்தின் 'வரலாற்று நீர்ப்பரப்பு' இரண்டும் ஒரே வழக்கில். சங்குகுளிப்பவர்களின் பேரன்களே இந்த வழக்கைக் கேள்விப்பட்டதில்லை என்பதுதான் வேடிக்கை. (சேதுபதி வீட்டுத் தத்துப்பிள்ளை வழக்கு, 1868இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது, இதைவிடப் புகழ்பெற்றது. எழுதிவைத்த சட்டத்தையும் வழக்காறு மிஞ்சும் என்று அதில்தான் சொன்னார்கள். ஆனால் இந்துக் குடும்பச் சட்டம் நம் பாடத்திட்டத்தில் இல்லை. ஆசைக்கு வாசியுங்கள், தேர்வுக்கு வேண்டாம்.)

இனி கச்சத்தீவு. என் முதல் முயற்சியில் நான் மோதிய பாறை இதுதான். கடல் எல்லையைப் பற்றிய கேள்வி வந்ததும் என் பேனா மேடைப் பேச்சாளராகிவிட்டது. இரண்டு பக்கம் பொங்கினேன். சட்டம் ஒரு வரிகூட இல்லை. மதிப்பெண்ணும் அப்படியே வந்தது.

எப்படி எழுதியிருக்க வேண்டும்? இந்தியாவும் இலங்கையும் 1974 ஜூனில் செய்துகொண்ட உடன்பாட்டின் தலைப்பே வரலாற்று நீர்ப்பரப்பில் எல்லை பற்றியது. அதன் 5ஆவது கூறு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 6ஆவது கூறு இரு நாட்டுக் கலங்களின் மரபு உரிமையைப் பேசுகிறது. 1976இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்தார்கள். அதையொட்டிய கடிதப் பரிமாற்றம் ஒருவர் நீரில் மற்றவர் மீன்பிடிப்பதை விலக்கியது. இது உண்மைகளின் வரிசை. அடுத்தது சட்டக் கேள்வி: அரசமைப்பைத் திருத்தாமல் தீவை இப்படி இலங்கைப் பக்கம் விடலாமா? நாட்டின் நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க 368ஆவது கூறின்படி திருத்தம் வேண்டும் என்று 1960இல் பெருபாரி வழக்கு சொல்கிறது. தகராறில் இருந்த எல்லையை நிர்ணயிப்பது விட்டுக்கொடுப்பது ஆகாது, அதற்குத் திருத்தம் வேண்டாம் என்று 1969இல் மகன்பாய் வழக்கு சொல்கிறது. அப்படியானால் எல்லாம் ஒரே முடிச்சில் வந்து நிற்கிறது: தீவு நம்முடையதாக இருந்ததா, அல்லது தகராறில் இருந்ததா? இராமநாதபுரம் ஜமீனின் உரிமையைப் பற்றிய வாதம் அந்த இடத்தில்தான் வர வேண்டும், முதல் பத்தியில் அல்ல. இரு பக்கத்தையும் எடைபோட்டுவிட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு வழுக்கல் உண்டு. மீனவர் கைது என்றதும் கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆவது கூறை எழுதிவிடுவார்கள்: மீன்பிடி விதி மீறலுக்குச் சிறைத் தண்டனை கூடாது, பிணை பெற்று உடனே விடுவிக்க வேண்டும் என்று. ஆனால் அந்தக் கூறு பிரத்யேகப் பொருளாதார மண்டலத்துக்கானது. பாக் விரிகுடாவை இரு நாடும் வரலாற்று நீர்ப்பரப்பாகக் கொண்டு எல்லை போட்டிருக்கும்போது அது நேரடியாகப் பொருந்துமா என்ற தயக்கத்தையும் எழுத வேண்டும். அந்த ஒரு வரி போதும், விஷயம் தெரிந்தவர் என்று காட்டிவிடும். உறவுக்காரர் அங்கே சிறையில் இருக்கும்போது இப்படி நிதானமாக எழுதுவது எளிதில்லை. எனக்குத் தெரியும். தேர்வு அறையில் மட்டும் மூன்று மணி நேரம் அந்தக் கோபத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போங்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

தமிழிலா, ஆங்கிலத்திலா

எட்டாவது அட்டவணை மொழி எதிலும் எழுதலாம் என்பதால் சட்டத்தாளைத் தமிழில் எழுத முழு உரிமை உண்டு. கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அதன் ஆங்கில வடிவத்தை அடைப்புக்குறிக்குள் தரவும் ஆணையம் அனுமதிக்கிறது. நான் முதல் முறை ஆங்கிலத்திலும் இரண்டாம் முறை தமிழிலும் எழுதினேன். தமிழில் என் வாதம் நன்றாக ஓடியது, கை மட்டும் மெதுவாக ஓடியது.

தமிழில் எழுதுகிறவர்கள் முதல் நாளே ஒரு சொல் நோட்டுத் தொடங்க வேண்டும். ஒரு கருத்துக்கு ஒரே சொல். 'நோக்கம்' ஓரிடத்தில், 'எண்ணம்' இன்னோரிடத்தில், 'கருத்து' மற்றோரிடத்தில் என்று மாற்றி மாற்றி எழுதினால் மூன்றும் வேறு என்று திருத்துபவர் நினைப்பார். செய்ய வேண்டும் என்ற 'நோக்கம்' வேறு, செய்யத் தூண்டிய 'உள்நோக்கம்' வேறு. தொடக்கத்திலிருந்தே செல்லாதது 'இல்லாநிலை' ஒப்பந்தம்; பாதிக்கப்பட்டவர் விரும்பினால் தவிர்க்கக்கூடியது 'தவிர்தகு' ஒப்பந்தம். தமிழில் கிடைக்கும் சட்டப் பிரதிகளிலும், உச்ச நீதிமன்றம் தன் இணையதளத்தில் வெளியிடும் தமிழ் மொழிபெயர்ப்புத் தீர்ப்புகளிலும் இந்தச் சொற்களைப் பொறுக்கலாம். நடை சில இடங்களில் கல்லாக இருக்கும், சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடை எழுதும் பழக்கம்

ஒவ்வொரு தாளிலும் எட்டுக் கேள்விகள், ஐந்துக்கு விடை. முதல் கேள்வியும் ஐந்தாம் கேள்வியும் கட்டாயம். அவை ஒவ்வொன்றும் பத்து மதிப்பெண் வீதம் ஐந்து துண்டுகளாக இருக்கும். எதையும் விட்டுவிட்டுத் தப்ப முடியாத இடம் அதுதான். சட்டத்தில் பாதியை ஒதுக்கிவிட்டுப் படித்தவர்கள் அங்கே மாட்டுவார்கள்.

மற்றபடி வரிசை எளிது. என்ன பிரச்சினை, எந்த விதி, நடந்ததோடு விதி எப்படிப் பொருந்துகிறது, முடிவு. இந்த நான்கில் புதியவர்கள் மூன்றாவதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். துடுப்பால் ஒரே அடி, ஆள் இறந்துவிட்டார் என்று கேள்வி வந்தால், மரணம் விளைவிக்கும் குற்றத்தையும் கொலையையும் வரையறுக்கும் நியாய சம்ஹிதாவின் 100, 101 இரண்டையும் எழுதி, விர்சா சிங் வழக்கையும் எழுதி, 'எனவே கொலை' என்று முடிப்பார்கள். அடி எங்கே விழுந்தது, அந்தக் காயத்தை உண்டாக்கும் நோக்கம் இருந்ததா, அந்தக் காயம் இயல்பாகவே மரணத்துக்குப் போதுமானதா, திடீர்ச் சண்டை என்ற விலக்கு வருமா என்று நான்கு வரி எழுதினால்தான் மதிப்பெண்.

பழைய கேள்வித்தாள்கள் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசம். பத்து ஆண்டுத் தாள்களை எடுத்துத் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதுங்கள். வாரத்துக்கு மூன்று விடை, கடிகாரம் வைத்து. திருத்த ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். இராமநாதபுரத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, நீதிமன்ற வளாகத்தில் இளம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஒரு விடைத்தாளைக் கொண்டுபோய்ப் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். திறந்த நீதிமன்றத்தில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். மாதம் ஒரு நாள் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள், கைபேசியை அணைத்துவிட்டு.

பணமும் நாளும்

வழக்கமான ஓட்டத்தில் பாடத்தை முடிக்க எட்டு மாதம் வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் ஓராண்டு. முதல்நிலைத் தேர்வு அண்மை ஆண்டுகளில் மே இறுதியிலோ ஜூனிலோ வருகிறது, பெரும்பாலும் நம் தடைக்காலத்துக்குள். வீடு அமைதியாக இருக்கும், வருமானமும் இருக்காது. அந்த இரண்டு மாதச் செலவுக்கு முன்பே ஏதாவது ஒதுக்கி வைக்காதவர்கள் படிப்பை விட்டதை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் முதல்நிலைக்குத் தயாராகும் ஆயிரம் பேருக்கு, அதற்கென நடக்கும் தேர்வின் வழியே, மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கிடைக்கிறது. முதல்நிலையில் வென்றவர்களுக்கு 25,000 ரூபாய் உண்டு. விண்ணப்ப நாளைத் தவறவிடாதீர்கள்.

முதல்நிலைக்கு மதுரை மையம் உண்டு. முதன்மைத் தேர்வை நான் சென்னையில்தான் எழுதினேன். தேர்வுக்கு நான்கு நாள் முன்பே போய்விடுங்கள். முதல் முறை நான் மூன்று நூல்களையும் ஒரு பை நிறையக் குறிப்புகளையும் போட் மெயில் ரயிலில் சுமந்துபோய், ஒன்றையும் திறக்காமல் சுமந்து திரும்பினேன். இரண்டாம் முறை எடுத்துப்போனது மூன்றே பொருள்: பழைய எண்ணும் புதிய எண்ணும் எழுதிய ஒற்றைத் தாள், வழக்குப் பெயர்களும் ஆண்டுகளும் எழுதிய நான்கு பக்கம், சொல் நோட்டு. இரவு பாலம் தாண்டும்போது ஒருமுறை, விடியற்காலையில் ஒருமுறை வாசித்தேன். தூங்கவும் நேரம் இருந்தது.